ஜூலி ராத்திரி 2 மணிக்கு ஏன் குரைத்தது: தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் பத்து மாதம்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பாதி இடம்தான். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறோம். சந்து பத்து அடி அகலம் இருந்தால் அதிகம். எல்லாம் ஒட்டு வீடு. ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினால் பக்கத்து வீட்டில் அது தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்று சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு அண்ணன் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை, அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். அவர்களிடம் நாலு வயது லேப்ரடார் கலப்பு, பெயர் ஜூலி. குட்டியாக வந்த நாளிலிருந்து தெரியும். குரைக்கும், எல்லா நாயும் குரைக்கிற அளவுக்குக் குரைக்கும், யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

2024 தீபாவளி முடிந்த கையோடு அது மாறிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் அரை மணி நேரம் விடாமல் குரைக்கும். கொஞ்சம் ஓயும். கண் அசரும்போது மறுபடி. எனக்கு ஆறரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், அம்மாவுக்கு பிபி, மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. மூன்று பேரும் மூன்று அறையில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்போம், யாரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

நான் செய்த தப்புகள்

இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் இருப்பார்கள். டிசம்பரில் ஒருநாள் ராத்திரி பொறுக்க முடியாமல் பால்கனியில் நின்று கத்தினேன். அண்ணன் எழுந்து வந்து “ஏய் ஜூலி! சும்மா இரு!” என்று அவர் பங்குக்குக் கத்தினார். ஜூலி இன்னும் ஜோராகக் குரைத்தது. நாம் நாயை அதட்டுகிறோம் என்று நமக்குத்தான் தெரியும். நாயைப் பொறுத்தவரை சந்தில் ஏதோ ஆபத்து, தான் முதலில் கண்டுபிடித்துவிட்டோம், இப்போது வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த வேகத்தில் “நாய்க்கு கார்ப்பரேஷன் லைசென்ஸ் இருக்கா?” என்றும் கேட்டுவைத்தேன். சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும், அப்போது வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டி ஆன்லைனிலேயே வாங்கிவிட முடிந்தது, கட்டணமும் வருடத்துக்கு 50 ரூபாயாகத்தான் இருந்தது. அதை வைத்து ஒருவரை மிரட்டுவது மாதிரி அற்பத்தனம் வேறு இல்லை. ஒரு மாதம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. அக்கா குடத்தோடு எதிரில் வந்தால் நான் போனைப் பார்ப்பேன்.

அப்புறம் ஆன்லைனில் ஒரு கருவி வாங்கினேன். நமக்குக் கேட்காத ஒலியை எழுப்பி நாயை அடக்கும் என்று போட்டிருந்தது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், நாய்க்கு 45,000 வரை எட்டும், அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம். மூன்று நாள் ஜன்னலில் வைத்தேன். ஜூலி காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. முனையில் படுத்திருக்கும் தெருநாய்கள் ஐந்தும் எழுந்து சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டு பக்கம் குமாஸ்தாவாக இருக்கும் நண்பனிடம் போனேன். அவன் சொன்னது: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. நாய் விஷயத்தை பொதுத்தொல்லை என்று கொண்டுபோகலாம், ஐ.பி.சி.-க்குப் பதில் வந்த புதிய பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தில் 292-ஆம் பிரிவு, ரூ. 1,000 வரை அபராதம். இல்லையென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 152-ஆம் பிரிவில் நிர்வாக நடுவரிடம் மனு கொடுத்து தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவு கேட்கலாம். “சரி, எல்லாம் பண்ணு. ஆயிரம் ரூபா அபராதம் வாங்கிக் குடுத்துட்டு அதே செவுத்துக்கு இந்தப் பக்கம் இன்னும் முப்பது வருஷம் இருக்கப் போறியா?” என்றான்.

நான் போனில் டெசிபல் ஆப் ஒன்றைப் போட்டு ராத்திரி அளந்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜூலி குரைக்கும்போது என் ஜன்னலில் 80 காட்டியது. ஜூலி தூங்கும்போது? 53. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி இரவெல்லாம் ஓடுகிறது, கொருக்குப்பேட்டை யார்டில் சரக்கு ரயில் பெட்டிகளை இணைக்கும்போது இடிக்கிற சத்தம் வருகிறது. எங்கள் பகுதியில் அந்த 45 என்பது நாயே இல்லாத ராத்திரியிலும் கிடையாது. போன் ஆப் கோர்ட்டில் நிற்காது என்பது வேறு விஷயம்.

சந்தில் இன்னொருவர் ஒரு யோசனை சொன்னார், பிஸ்கட்டில் ஏதோ கலப்பது பற்றி. விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகவா என்று தெரியவில்லை. விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பி.என்.எஸ். 325-இல் ஐந்து வருடம் வரை சிறை என்று அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் நாயைப் பற்றிப் பேசவில்லை.

காலண்டர் தாள்

நான் செய்த முதல் உருப்படியான காரியம் எழுதி வைத்தது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து, கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது நின்றது, அவ்வளவுதான். பகலில் நான் இருப்பதில்லை என்பதால் அந்தப் பகுதியை அம்மா பார்த்துக்கொண்டார். “பகல்ல என்னடா இருக்கு, அது ராத்திரிதானே கத்துது” என்று நான் நினைத்திருந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு தாளை அப்படியே தருகிறேன். 2025 ஜனவரி 8, புதன்: 2.15 முதல் 2.40. 3.50-க்கு கொஞ்சம். 5.30 பால் வண்டி. காலை 8.25 முதல் 9.20, குரைப்பு இல்லை, ஊளை. 11-க்கு குப்பை வண்டி. 4 மணி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். இன்னொன்று, ஜனவரி 12, ஞாயிறு: 2.05 முதல் 3.10 வரை நிற்கவே இல்லை. பகலில் ஒன்றுமில்லை.

இரண்டு வாரத் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. பகல் ஊளை வேலை நாளில் மட்டும், அதுவும் அக்காவும் அண்ணனும் பூட்டிக்கொண்டு கிளம்பி ஐந்து நிமிடத்துக்குள். ஞாயிறு அது இல்லை. ராத்திரிக் குரைப்பு நேர்மாறு, ஞாயிறுதான் உச்சம். ஒரே தொண்டையிலிருந்து வந்ததால் ஒரே தொல்லை என்று நினைத்துவிட்டேன், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த ஞாயிறு 2 மணிக்கு எழுந்து ஜன்னலில் நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. ஜூலி கிரில் கேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தது, தலை மட்டும் தூக்கியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் ‘டங்’ என்று அலுமினிய அன்னக்கூடை ஒன்று இன்னொன்றில் இடிக்கும் சத்தம் வந்தது. எங்கள் சந்தில் நாலு, பின்சந்தில் ஆறோ ஏழோ மீன்காரம்மாக்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுக்க இந்த நேரத்துக்குத்தான் கிளம்புவார்கள். எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் விளக்குக் கம்பத்தடியில் கூடி, ஷேர் ஆட்டோ வரும்வரை நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னை முழுக்க மீன் வாங்கும், அதனால் அன்றைக்குக் கூட்டமும் அதிகம், ஆட்டோவும் இரண்டு மூன்று. பல வருடமாக நடப்பது, எங்களுக்குக் காதில் விழுவதே இல்லை. ஜூலிக்கு விழும். ஆனால் முன்பு ஏன் குரைக்கவில்லை?

அதற்கும் அம்மாவிடம்தான் பதில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆயா, அண்ணனின் அம்மா, தீபாவளிக்கு முந்திய வாரம் மாடிப்படியில் வழுக்கி முழங்கால் எலும்பு விட்டுப்போய் கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதுவரை ஜூலி பகலெல்லாம் ஆயாவோடு, ராத்திரி ஆயாவின் கட்டிலுக்கடியில், வீட்டின் பின்னறையில். ஆயா போனதும் பகலில் தனியாக, ராத்திரி காவலுக்கு ஆகட்டும் என்று வாசல் கிரில்லில்.

பேசிய விதம்

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை அம்மா. போனதும் ஆயாவின் முழங்கால் பற்றி, தையல் கம்பெனியில் ஓவர்டைம் பற்றி. காப்பி வந்தது. அப்புறம்தான், “பாப்பா, நீங்க போனதும் ஜூலி அழுவுதும்மா. தினமும்” என்றார்.

அக்கா நம்பவில்லை. எப்படி நம்புவார், கதவைப் பூட்டிக்கொண்டு போனபின் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும். அம்மாவின் போனில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டேன். குரைப்பு இல்லை, நீளமாக இழுக்கும் ஊளை, நடுவில் மூச்சு வாங்குவது, கதவைப் பிராண்டுவது. ஜூலி தன் குரலையே கேட்டு எழுந்து கதவருகில் போய் நின்றது. அக்கா எழுந்து அந்தக் கதவைப் பார்த்தார். உள்பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கீழே, பெயின்ட் சுத்தமாகப் போய் மரம் தெரிந்தது. எலி என்று நினைத்திருக்கிறார்கள். அண்ணன் ஜூலியின் முன்காலைத் தூக்கிப் பார்த்தார், நகம் ஒன்று பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது.

டிசம்பரில் “உங்க நாய் தொல்லை” என்று நான் கத்தியபோது வாசலில் நின்றவரும் இந்த அக்காதான். நான் லைசென்ஸ் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் “அதெல்லாம் வுடுப்பா” என்றார். மறுவாரம் உரிமமும் வாங்கிவிட்டார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் தூக்கிக்கொண்டு போன தீர்வு ஒன்றும் இருந்தது: மொட்டை மாடியில் கட்டிப்போடுவது. நல்லவேளை சொல்லவில்லை. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், சென்னை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கட்டிய நாய் இன்னும் கூடுதலாகத்தான் குரைக்கும்.

வைத்தியம்

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அண்ணன் ஜூலியை ஆட்டோவில் கூட்டிப் போனார், நானும் போனேன். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி, வட சென்னையில் மாடு, ஆடு, நாய் வளர்க்கும் எல்லோருக்கும் அதுதான் பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா காது, பல், வயிறு எல்லாம் பார்த்தார். வலி இருந்தாலும் நாய் இப்படிக் கத்தும், அதனால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும் என்றார். உடம்பில் ஒன்றும் இல்லை. தனிமைப் பதற்றம். மருந்தும் இருக்கிறது, ஆனால் முதலில் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள் என்றார். அடிக்கக் கூடாது, வந்து கதவைத் திறந்ததும் “ஏன்டி கதவைக் கீறின” என்று திட்டினால் அதற்குப் புரியாது, வீட்டுக்காரர் வருவதும் பயமாகிவிடும்.

தனிமைக்கு என்ன செய்தார்கள் என்றால், பிரிவதைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்தார்கள். நாய் அழ ஆரம்பிப்பது கதவு மூடியதும் அல்ல, அதற்கும் முன்னால், அக்கா கைப்பையை எடுத்து சாவிக்கொத்து குலுங்கும்போதே. அதனால் தினமும் சாயங்காலம் சும்மா சாவியை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டுவது. சாவியைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்து டிவி பார்ப்பது. நாலைந்து நாளில் ஜூலி சாவிக்குத் தலை தூக்குவதை நிறுத்தியது. அப்புறம் கதவை மூடி ஒரு நிமிடம் வெளியில் நின்று, அழுவதற்கு முன்பே உள்ளே போவது. மூன்று நிமிடம், ஐந்து, முனைக்கடை வரை போய் வர பத்து. ஒருநாள் அண்ணன் அவசரப்பட்டு ஒரேயடியாக முக்கால் மணி நேரம் போய்விட்டார், மறுபடி மூன்று நிமிடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இது ஆறேழு வாரம் எடுத்தது, நடுவில் அக்கா இரண்டு முறை “போதும், யாருக்காவது குடுத்துடலாம்” என்று அழுதிருக்கிறார்.

ஆனால் இந்தப் பயிற்சி நடக்கும்போது உண்மையிலேயே எட்டு மணி நேரம் தனியே விட்டால் எல்லாம் வீண். அங்கேதான் அம்மா. “எட்டரைக்கு எங்கிட்ட வுட்டுட்டுப் போ” என்றார். நாயைத் தொடவே யோசிப்பவர். முதல் வாரம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம், துளை வைத்த ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதத்தைத் திணித்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஒரு மணி நேரம் நக்கிக்கொண்டே இருக்கும் என்பதைக் கற்றுக்கொண்டார். மீன்குழம்பு சாதம் போடப் போனவரை நான்தான் நிறுத்தினேன், வெங்காயம் நாய்க்கு விஷம்.

ராத்திரிக்கு: படுக்கை மறுபடி பின்னறைக்குப் போனது, கிரில்லுக்கு பச்சை நிற நிழல்வலை கட்டினோம், விடியற்காலை அண்ணன் முக்கால் மணி நேரம் நடக்கக் கூட்டிப் போனார். இது மார்ச் கடைசி வாரம்.

ஏப்ரல் 15

ஏப்ரல் நடுவில் ராத்திரிக் குரைப்பு நின்றது. குறையவில்லை, அப்படியே நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். நான் ஆபீசில் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன், இப்படிச் செய்ய வேண்டும், அப்படிச் செய்ய வேண்டும் என்று. மே மாதம் முழுக்க நன்றாகத் தூங்கினோம்.

ஜூன் 18 புதன் விடியற்காலை 2.20-க்கு ஜூலி குரைத்தது. 25 நிமிடம்.

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். ‘டங்’. அன்னக்கூடை. அப்போதுதான் உறைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் வரும் கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் விலை கட்டாது என்று எங்கள் சந்து மீன்காரம்மாக்கள் அந்த இரண்டு மாதமும் கருவாடு விற்றார்கள், ராத்திரி கிளம்பவே இல்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவன், வருடா வருடம் ஏப்ரல் வந்தால் வஞ்சிரம் விலையைத் திட்டுபவன், எனக்கு இது தோன்றவே இல்லை. குரைப்பை நிறுத்தியது நானும் பச்சை வலையும் இல்லை, அரசாங்க உத்தரவு.

காலண்டர் தாளை மறுபடி எடுத்தேன். வலை கட்டி, படுக்கையை மாற்றிய பின், தடைக்காலம் தொடங்கும் முன் இருந்த அந்த இரண்டு வாரத்தில் சராசரி 18 நிமிடம். ஜனவரியில் 25-க்கும் மேல். ஆக, ஏதோ குறைந்திருக்கிறது, ஆனால் நான் பீற்றிக்கொண்ட அளவுக்கு இல்லை. தாள் என்னிடமேதான் இருந்தது, சந்தோஷத்தில் பார்க்கவில்லை. பகல் ஊளை மட்டும் நிஜமாகவே போயிருந்தது, அதில் மீனுக்குச் சம்பந்தமில்லை.

சரி, இனி என்ன? மீன்காரம்மாக்களை வேறு இடத்தில் நிற்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். பெண்கள் நடுராத்திரி விளக்கு வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் நிற்பார்கள், அதை நகர்த்தச் சொல்ல நான் யார். அவர்களில் மூத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “இன்னாபா, எங்களப் பாத்தா கொலைக்குது? அதுக்கு எங்களத் தெரியாது, அவ்ளோதானே” என்றார். இரண்டு வரியில் முடித்துவிட்டார், நான் ஆறு மாதம் சுற்றி வந்த விஷயம்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் அவர் வியாபாரம் முடித்து வரும்போது, அண்ணனோ அக்காவோ ஜூலியைப் பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் நிற்பார்கள். அவர் கூடையைக் கீழே வைப்பார், மெதுவாக ‘டங்’ என்று ஒரு தட்டு, உடனே வேகவைத்து முள் எடுத்த மீன் ஒரு துண்டு. டங், மீன். டங், மீன். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டபோது இதுதான் முறை, பயந்த சத்தத்தைப் பிடித்த சாப்பாட்டோடு கட்டிப்போடுவது என்றார். மற்ற மீன்காரம்மாக்களும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது வாரம் குரைப்பு கூடியது, ஏன் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. விட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னார். நாலாவது வாரம் 10 நிமிடம். ஜூலை கடைசியில் ராத்திரி மூத்தவர் முனை திரும்பும்போதே “ஜூலி, நான்தாம்மே” என்று குரல் கொடுப்பார். பின்னறையிலிருந்து ஒன்று, இரண்டு. அப்புறம் படுத்துவிடும்.

இன்னும் குப்பை அள்ளும் பேட்டரி வண்டிக்குக் குரைக்கிறது. ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழா மைக்செட்டுக்கு மூன்று நாள் குரைத்தது, அந்த மூன்று நாளும் நாங்களும் தூங்கவில்லை, ஆனால் அது ஜூலியால் இல்லை. தீபாவளி வெடிக்கு என்ன செய்வது என்று வேப்பேரிக்கு மறுபடி போக வேண்டும். பகலில் இப்போது தனியாக நாலு மணி நேரம் இருக்கப் பழகிவிட்டது, ஆனால் அம்மாதான் பதினொரு மணிக்குள்ளேயே போய்க் கூட்டிவர அக்காவிடம் சாவி வாங்கி வைத்திருக்கிறார்.

கடைசித் தாள் ஆகஸ்ட் 24, ஞாயிறு: 2.10, இரண்டு குரைப்பு. அதற்கடுத்த வாரம் எழுத மறந்துவிட்டேன்.